பதினாலாம் தாளின் ஒரு அங்குலம்

நான் ஒரு பயந்த ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். கடிதம் வந்தால் பிரிப்பதற்கு முன் உறையை இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பேன். "நீங்கள் பயப்பிடாத ஒரு நாள் வந்தால் அண்டைக்குத்தான் எனக்குப் பயம் வரும்" என்பாள் என் மனைவி சாந்தா. இப்படிப்பட்ட ஒருவன் கடல்களுக்கு அப்பால் பெரு நாட்டில் மண்ணுக்குள் கிடந்த கோயில்களைப் படமாகக் கீறியே காலம் தள்ளினான் என்றால் நம்புவது கஷ்டம்தான்.

இப்போது அகழாய்வுப் படங்களை யாரும் கையால் கீறுவதில்லை. குழிக்குள் ஒரு பெட்டியை வைத்தால் அது சுற்றிவரச் சுழன்று எல்லாவற்றையும் அளந்துவிடுகிறது. முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்துப் பிள்ளைகள் சிலர், "சேர், மைப்பேனையால கீறின காலத்தைப் பற்றி எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். நானும் பேனை, மை, தாள் என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகு அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இது அதற்குப் பதிலாக எழுதுவது.

மின்னஞ்சல் பெருவில் இருந்து, ஓர் இளம் ஆய்வாளரிடமிருந்து வந்தது. ஆள் மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நாங்கள் தோண்டிய மேட்டின் மேற்குப் பக்கத்தைக் கரும்புத் தோட்டத்துக்காக இயந்திரம் வைத்துத் தரைமட்டமாக்கிவிட்டார்களாம். இனிப் போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. அந்த இடத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த அகழாய்வைப் பற்றி வந்த புத்தகத்தில் நான் கீறிய பதினாலாம் படம். அந்தப் படத்தில், மிகக் கீழே உள்ள தரையின் கோடு நெருப்புக் குழியின் விளிம்பு வரை முறியாமல் போய்ச் சேருகிறது. "அந்தக் கோடு நீங்கள் தோண்டிய குழியின் சுவரில் கண்ணால் கண்டதா, ஊகித்ததா? தயவுசெய்து பென்சில் மூலத்தாளை ஸ்கான் செய்து அனுப்புங்கள்."

அதை வாசித்தபோது காலை பத்து மணி இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் உள்ள மாடியில். ரயில் போகும்போது மேசை மெல்ல ஆடும். அன்றைக்கு ரயில் போய் முடிந்த பிறகும் நான் மேசையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் அந்தப் பென்சில் தாள் இல்லை. என் கையாலேயே நான் அதை அழித்துவிட்டேன். இந்த உலகத்தில் அது எனக்கும் சாந்தாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நான் தொழில் பழகிய கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்கக் கோடு மட்டுமே கீறவிட்டார்கள். இரண்டாம் வருடம் எழுத்து. பிறகு விகாரைகளின் படிக்கட்டுகளையும் உடைந்த தூண்களையும் அளக்க அனுப்பினார்கள். கை சுத்தம் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயர்தான் என்னை ரெஜினா மிஸ்ஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மிஸ் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். வெளிநாட்டில் படித்து, பெருவில் ஒரு வறண்ட பள்ளத்தாக்கைத் தோண்டுவதிலேயே வாழ்க்கையைச் செலவழித்தவர். கலியாணம் கட்டவில்லை. தோண்டும் காலம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் ஒரு நீளமான தகரக் குழாயில் பென்சில் தாள்களைச் சுருட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வருவார். அவற்றைப் புத்தகத்துக்கு ஏற்றபடி மையில் கீறுவது என் வேலை. முதலில் ஓய்வு நேரங்களில் செய்தேன். பிறகு அரசாங்க வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் அவரிடமே இருந்தேன்.

மிஸ்ஸின் முறை எப்படி என்றால், குழிச் சுவரில் நூல் பிடித்து, பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு தரம் அளந்து, எண்ணை அளவுப் புத்தகத்தில் எழுதி, அதற்குப் பிறகுதான் கட்டத் தாளில் பென்சில் படலாம். கண்ணால் கண்டதற்கு முழுக்கோடு. காணாமல் ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு. ஊகித்ததை முழுக்கோடாகக் கீறுவது அவருடைய கணக்கில் பொய்ச்சாட்சி. மைப்படம் முடிந்ததும், கீழே பல்ப் எரியும் கண்ணாடி மேசையில் பென்சில் தாளை விரித்து, அதன் மேல் என் படத்தை வைத்து, உருப்பெருக்கியோடு குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் மூலையில் தன் பெயரின் முதலெழுத்தை வைப்பார். அது முடியும்வரை நான் எழுந்தே நிற்பேன். இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டேன்.

அவர் சத்தம் போட்டு ஏசியதே இல்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நீர் என்ன கண்டீர்?" என்று மட்டும் கேட்பார். ஒரு முறை, சுவரில் இடையே விட்டுப்போயிருந்த ஒரு கோட்டை நான் இணைத்துவிட்டேன்.

"அது அப்பிடித்தான் போயிருக்கும் மிஸ்" என்றேன்.

"போயிருக்கும் எண்டது உம்மட அபிப்பிராயம். உம்மட அபிப்பிராயத்துக்கு நான் சம்பளம் தாறேல்லை."

பதினொரு நாள் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு முதலில் இருந்து கீறினேன். மூக்குக் கண்ணாடி மேசையில் படும் அந்தச் சின்னச் சத்தம் பிறகு என் கனவிலும் வந்தது.

பெருவுக்கு என்னை ஒரே ஒரு பருவம் கூட்டிப் போனார். மழையே காணாத மண். நடுவில் மலை மாதிரி ஒரு மேடு, அதன் காலடியில் வட்டமாகத் தாழ்த்திய ஒரு முற்றம். மேட்டைத் தோண்டினால் அறைக்கு மேல் அறை. ஒவ்வோர் அறைக்கும் வெண்களிமண் பூசிய தரை, நடுவில் ஒரு நெருப்புக் குழி, அதற்குக் காற்றுக் கொடுக்கத் தரைக்கடியில் ஒரு குழாய். அறையின் காலம் முடிந்ததும் அந்த மனிதர்கள் அதை இடிக்கவில்லை. பிணத்தை அடக்குவது போலக் கல்லும் மணலும் நிரப்பி மூடிவிட்டு, அதன் மேலேயே அடுத்த அறையைக் கட்டினார்கள். நிரப்பிய கல்லும் சும்மா கல் அல்ல. கோரைப் புல்லில் பின்னிய பைகளில், ஆளொருவர் சுமக்கக்கூடிய அளவில் அடைத்துக் கொண்டுவந்து, பையோடு அடுக்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான வருடம் போயும் பின்னலின் முடிச்சு தெரிந்தது.

அந்தப் பைகளைப் பார்த்தால் மிஸ்ஸின் முகமே மாறிவிடும். "பாரும், இவையளுக்கு மண்பானை கூடச் செய்யத் தெரியாது. அரண்மனை இல்லை, மதில் இல்லை, ஆயுதம் இல்லை. அடிச்சு வேலை வாங்க ஆளில்லை. ஆனால் சுமந்திருக்கினம். ஒருத்தருக்கும் பயப்பிடாமல், கும்பிடுறதுக்காகத் தாங்களாய்ச் சுமந்திருக்கினம்." இதுதான் அவருடைய கொள்கை. ஊரும் அரசும் உண்டாவதற்கு முன்பே கோயில் உண்டாகிவிட்டது. மனிதரை முதன்முதலில் ஒன்றாகக் கூட்டியது பயம் அல்ல. நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமில்லாமல் எவன் கல் சுமப்பான் என்று மனதுக்குள் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லப் பயம்.

கொள்கைக்கு ஒரு சிக்கல் இருந்தது. பள்ளத்தாக்கின் மற்றப் பக்கத்தில் மதிலும் பெரிய வீடும் உள்ள ஒரு குடியிருப்பு இருந்தது. நிச்சயமாக யாரோ ஆண்ட இடம். கோயில் அதைவிட மூத்தது என்றால் மிஸ் சொல்வது சரி. இரண்டும் ஒரே காலம் என்றால், அந்தப் பெரிய வீட்டுக்காரன்தான் சனத்தை அடித்துக் கல் சுமக்க வைத்தான் என்று ஆகிவிடும். மேற்கில் நாங்கள் தோண்டிய குழியின் அடியில் இருந்த நெருப்புக் குழியில் எடுத்த கரி மிகப் பழையது. ஆனால் அந்த நெருப்புக் குழி கோயிலோடு சேர்ந்ததா, அல்லது கோயில் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன் யாரோ வழிப்போக்கர் மூட்டியதா? தரை போய் நெருப்புக் குழியின் விளிம்போடு ஒட்டியிருந்தால் இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள், கோயிலும் அந்தக் கரி அளவுக்குப் பழையது. தரையைத் தெளிவாகக் கண்டோம், கடைசி ஒரு சாணைத் தவிர. அந்த ஒரு சாணில் உப்புப் பூத்துப் பூச்சு வெடித்துப்போய் இருந்தது. மிஸ் மூன்று நாள் மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் சுரண்டினார்.

"இஞ்சாலை வாரும். தெரியுதோ?"

"தெரியிற மாதிரி இருக்கு, மிஸ்."

"மாதிரிக்குக் கோடு இல்லை" என்று சொல்லிவிட்டு, தானே தாளை வாங்கி அந்த இடத்தைக் கீறினார். நிலத்தில் ஒரு சாண் தாளில் ஓர் அங்குலத்துக்கும் குறைவு.

அந்தத் தாள்களோடு நான் கொழும்புக்கு வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் தமிழர் நாங்கள் எல்லோரும் பொலீசில் பெயர் பதிந்து வாங்கிய துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம். அந்த வருடம் மிஸ்ஸால் கொழும்புக்கு வர முடியவில்லை. தாள்கள் என் வீட்டு அலுமாரியில் இருந்தன. பெரிய தாள்கள், அப்போதைய ஃபோட்டோக் கொப்பி மெசினுக்குள் போகாது.

எங்களுக்கு முன்னால் இருந்த லொட்ஜில் ஒருவர், கலியாண வீட்டுக்கு வழி கீறிய ஒரு துண்டை வைத்திருந்ததற்காக விசாரணைக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தார். ஆளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். ஆனால் அதன் பிறகு அவர் வெளியே வந்து நின்று பேசியதை நான் காணவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அலுமாரிப் பக்கம் பார்க்கவே பயம். அதற்குள் என்ன இருந்தது? மண்ணுக்கடியில் அறைகள், அவற்றை இணைக்கும் ஒடுங்கிய வழிகள், ஆழம், அகலம், வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி. எல்லாம் ஒரு தமிழன் கையால் கீறியவை. பெரு என்று ஒரு நாடு இருக்கிறது, அங்கே கோயிலைப் புதைத்தார்கள் என்று நான் யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிபோல் தெரு இரண்டு பக்கமும் அடைபட்டது. கீழ்மாடியில் பூட்ஸ் சத்தம். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறார்கள். அலுமாரியைத் திறந்து, சுரங்கம் போலத் தெரியக்கூடிய தாள்கள் நாலை உருவினேன். பதினாலாம் தாள் அதில் ஒன்று.

"ஐயோ, அது மிஸ்ஸின்ர தாளெல்லோ!" என்றாள் சாந்தா.

"பிடிபட்டால் மிஸ் வந்து என்னை வெளியிலை எடுக்கமாட்டா."

குளியலறை வாளித் தண்ணீரில் நாலையும் கிழித்துப் போட்டேன். பென்சில் கோடு தண்ணீரில் போகாது என்பதை ஒரு படவரைஞன் மறந்துவிட்டான், பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் கோடு அப்படியே தெரிந்தது. சவர்க்காரத்தூளைக் கொட்டி, முழங்காலில் இருந்து, துணி கசக்குவது போலக் கசக்கினேன். கட்டத் தாளின் செம்மஞ்சள் மை கரைந்து வாளி முழுக்க ஒரு நிறம். எங்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டபோது என் இரண்டு கையும் முழங்கைவரை அதற்குள் இருந்தது. சாந்தா என்னை வெளியே இழுத்து, கையில் ஒரு துவாயைத் தந்து, குளியலறைக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே வந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். பதிவுத் துண்டைப் பார்த்தார். "மொகத ரஸ்ஸாவ?" என்று தொழிலைக் கேட்டார். படம் கீறுவது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மேசையில் நான் கீறிக்கொண்டிருந்த கோரைப்பைப் படம் கிடந்தது. குனிந்து பார்த்தார். பின்னலின் மேல் விரலை ஓடவிட்டார். "மல்லக்" என்றார், ஒரு பை என்று. பிறகு, "ஹரிம லஸ்ஸணாய்" என்று சிரித்தார். மிகவும் வடிவாக இருக்கிறதாம். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அலுமாரியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு குளியலறைக்குள் போய் வாளிக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். தப்பிவிட்டேன் என்று அழவில்லை. மிஸ்ஸுக்கு என்ன சொல்வேன் என்றுதான் அழுதேன்.

அளவுப் புத்தகம் தப்பியிருந்தது. அதில் வெறும் எண்கள் என்பதால் நான் அதைத் தொடவில்லை. அந்த எண்களை வைத்து நாலு தாளையும் நேராக மையிலேயே திரும்பக் கட்டினேன். மூன்று தாள் பிசகில்லாமல் வந்தது. பதினாலாம் தாளும் வந்தது, அந்த ஒரு அங்குலத்தைத் தவிர. அந்த ஒரு சாணுக்கு அளவுப் புத்தகத்தில் எண் இல்லை. காணாத ஒன்றை யார் அளப்பார்கள்? அந்தத் தாளை நான் இரண்டு மூன்று தரம் விரித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே புள்ளிகள் இருந்தன என்றுதான் என் கண் சொன்னது. சத்தியம் செய்யும் அளவுக்குச் சொல்லவில்லை, ஆனால் சொன்னது.

ஒரு கிழமை அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தேன். பிறகு முழுக்கோடு கீறினேன்.

ஏன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். புள்ளி வைத்தால் மிஸ் நிறுத்தி யோசிப்பார். மூலத்தாளை அனுப்பு, பார்க்க வேண்டும் என்பார். முழுக்கோடு அவர் விரும்பிய கோடு. விரும்பியதைப் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பதில்லை. என் கணக்கு தவறவில்லை. கூரியரில் அனுப்பிய படம் மூலையில் மிஸ்ஸின் கையெழுத்தோடு அச்சுக்குப் போனது. பிறகு பென்சில் தாள்கள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அவருடைய பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். நாலு தாள் குறைகிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. புத்தகத்தில் அந்தப் படத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் மிஸ்ஸிடம் வேலை செய்தேன். ஒவ்வொரு முறை கொட்டாஞ்சேனைப் படியில் ஏறும்போதும், இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

மின்னஞ்சல் வந்து நாலு நாள் நான் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழும்பினேன். தாளைக் கறையான் அரித்துவிட்டது என்று ஒரு பதில் எழுதிக்கூட வைத்தேன். சாந்தா அதை வாசித்துவிட்டு, "மிஸ் உயிரோடதான் இருக்கிறா. முதலிலை அங்கை போய்ச் சொல்லுங்கோ" என்றாள். காலி வீதியில் பஸ் ஏறிக் கோட்டையில் இறங்கி, திரீவீலர் பிடித்துப் போனேன். வழியில் இரண்டு தரம் திரும்பிப் போய்விட நினைத்தேன்.

மிஸ்ஸுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. சகோதரன் மகளான மருமகளின் குடும்பத்தோடு அதே வீட்டில் இருக்கிறார். கால் ஏலாது, கண்ணும் புத்தியும் அப்படியே இருக்கின்றன. மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுத்தேன். வாசித்து முடிக்கும்வரை வழக்கம்போல நின்றேன். பிறகு வாளியையும் சவர்க்காரத்தூளையும் அந்த ஒரு கிழமையையும், எதையும் விடாமல் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. "நீர் என்னைப் பொய்ச்சாட்சி சொல்ல வைச்சிருக்கிறீர். இத்தனை வருஷமாய், எத்தினை மேடையிலை அந்தப் படத்தைக் காட்டினனான் தெரியுமே?"

"ஓம் மிஸ்."

"கிழிச்சது சரி. அந்தக் காலத்திலை ஆரும் கிழிச்சிருப்பினம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பயம் மிஸ்."

"பொலீசுக்கோ?"

"பொலீசுக்கு அந்த ஒரு நாள்தான். உங்களுக்கு இவ்வளவு காலமும்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. உள்ளே மருமகள் யாரோடோ ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். மிஸ் மெதுவாகச் சொன்னார்.

"நான் அதிலை புள்ளிதான் வைச்சனான். உம்மட படம் வந்த அண்டைக்கு முழுக்கோட்டைக் கண்டன். சந்தோஷமாய் இருந்தது. அப்ப நான்தான் முழுசாய்க் கீறியிருக்கிறன் போலை எண்டு நினைச்சன். பென்சில் தாளை அனுப்பும் எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத எனக்கும் பயமாய்த்தான் இருந்தது."

பிறகு பேனையையும் தாளையும் என்னிடம் தந்து எழுதச் சொன்னார். பதினாலாம் படத்தில் தரை நெருப்புக் குழியோடு சேரும் இடம் கண்ணால் காணப்படவில்லை. அது புள்ளிக்கோடாக இருக்க வேண்டும். மூலத்தாள் இல்லை. பிழையைக் கீறியவர் இன்னார், பார்க்காமல் கையெழுத்து வைத்தவர் இன்னார். இரண்டு பெயரையும் அவரே எழுத்துக் கூட்டிச் சொன்னார். ஐந்து வரியில் அவருடைய வாழ்நாள் வேலை ஆட்டம் காண்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவர் குரல் நடுங்கவில்லை.

கையெழுத்து வைக்க நீட்டினேன். வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லும். நீர் இந்த வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே வந்தனீரோ?"

"ஓம் மிஸ். அந்தப் படத்துக்கு முதலும்."

"எனக்கு அது தெரியேல்லையே. விருப்பத்தோடை வாறீர் எண்டுதானே நினைச்சனான்."

"விருப்பமும் இருந்தது, மிஸ்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "அப்ப அந்தக் கல்லுச் சுமந்த சனம்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது, மிஸ்."

"எனக்கும் தெரியாது" என்றார். "அதையும் எழுதும்."